விளக்குக்குக் கொடுத்த சாவி

போன மாதம் ஒரு நாள் காலையில், நான் ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இப்போது கிளெய்ம் பார்க்கும் பெண் போன் செய்தாள். வீட்டு பாலிசியில் ஒரு பிரிவு உண்டு. நம் கவனக்குறைவால் அடுத்தவர் பொருளுக்குச் சேதம் வந்து, சட்டப்படி நாம் ஈடுகட்ட வேண்டியிருந்தால், நமக்குப் பதிலாகக் கம்பெனி அதைக் கொடுக்கும். "அந்தப் பிரிவுல நீங்க ஒரு கிளெய்மாவது பார்த்திருக்கீங்களா மேடம்? இங்க யாருமே பார்த்ததில்லையாம். கஸ்தூரி மேடத்தைக் கேளுன்னு எல்லாரும் கையைக் காட்டறாங்க" என்றாள்.

பார்த்திருக்கிறேன். என் சர்வீஸ் முழுவதிலும் ஒன்றே ஒன்று. அதைப் போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். "சுருக்கமா போதும் மேடம்" என்றாள். சுருக்கமாக எழுதும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

செங்கல்பட்டுக் கிளையில் நான் சேர்ந்தபோது தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. முதல் சில வருடங்கள் தட்டச்சும் ரசீதும்தான். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஞானப்பிரகாசம் சார் மேலாளராக வந்தார். வந்த வாரமே என்னை கிளெய்ம் பிரிவுக்கு மாற்றினார். "லேடீஸை வெளியூர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பலாமா சார்?" என்று தலைமை எழுத்தர் இழுத்தார். "பஸ் ஏறத் தெரியும்ல?" என்று மட்டும் சார் கேட்டார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஃபைலை மேஜையில் வைத்ததும் ஓர் அடிக்கோலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்து முடித்த பிறகே அடுத்த வரிக்குக் கோல் இறங்கும். எதிரில் நிற்பவருக்கு அந்தக் கோல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பதே வேலை. நின்றுவிட்டால் அந்த வரியில் ஏதோ குறை என்று பொருள். சந்தேகத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். பதில் சரியாக இருந்தால் அவரே ரப்பரால் அழிப்பார். முடிவை மட்டும் மையால் எழுதுவார். மையால் எழுதியதை அவர் திருத்தி ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தவை இரண்டு. ஒன்று, ஆள் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே எழுதவேண்டும், நம் வார்த்தையைக் கலக்கக்கூடாது. இரண்டு, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கும்வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. "மோரைக் குடிச்சிட்டு எழுதற ரிப்போர்ட்ல மோர் வாசனை அடிக்கும்மா" என்பார். மே மாத வெயிலில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்குகிறவளுக்கு இதைவிடக் கொடுமையான சட்டம் இருக்க முடியாது.

அப்படி ஒரு வெயில் காலத்தில்தான் அருணாசலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். கல்பாக்கத்தில் அணுசக்தி வளாகத்தில் டெக்னீஷியன். குடியிருப்பில் இருக்கப் பிடிக்காமல், சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். வங்கிக் கடனுக்காக வீட்டு பாலிசி எடுத்தவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "என் தப்புதான் மேடம். முழுக்க என் தப்பு" என்றார்.

பாலிசியில் இதற்கென்றே ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனியைக் கேட்காமல் பாலிசிதாரர் தப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சார் என்னைக் கூப்பிட்டார். "முதல்ல அவரை அந்த வார்த்தையைச் சொல்றத நிறுத்தச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் கேக்கலாம்" என்றார்.

மற்றது இதுதான். வைகாசியில் அவர் தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அன்று காலை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மோட்டாரைப் போட்டிருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஸ்விட்சை அணைக்காமலே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மில் இதைச் செய்யாதவர் யார்? விழுப்புரம் தாண்டும்போது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. அங்கிருந்து என்ன செய்ய முடியும்?

திரும்பி வந்து பார்த்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ஏழுமலையின் மூலை அறை, மண்சுவர், பாதி சரிந்து கிடந்தது. உள்ளே ஆடிப் பட்டத்துக்கு எடுத்து வைத்திருந்த ஒன்பது மூட்டை விதை வேர்க்கடலை நனைந்து முளை விட்டிருந்தது. அருணாசலத்தின் தொட்டி நிரம்பி வழியும் குழாய் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது.

"ஏழுமலை என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"மழைன்னு சொல்லுதான் மேடம். கோடை மழை பிச்சுக்கிட்டு ஊத்திச்சாம். கரண்டே வரலையாம். எனக்குத் தெரியாதா? விதைக்குக் காசு தாரேன்னு போனா வாங்க மாட்டேங்கான். நீங்களாவது ஏதாச்சும் செய்ங்க."

இத்தனை வருடத்தில் தன் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க வந்தவர்களைத்தான் பார்த்திருந்தேன். தன் மேல் தப்பு என்று நிரூபிக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். தொகை சிறியது என்பதால் வெளி சர்வேயர் தேவையில்லை, அலுவலகத்து ஆளே போய்ப் பார்க்கலாம். சார் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

ஏழுமலைக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அருணாசலத்துக்கு மனையை விற்றதே அவர்தான். விற்ற நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. என்னைப் பார்த்ததும் துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார். அவர் மனைவி பச்சையம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. சட்டம் அப்படி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"மழதான் மேடம். அதுல சார் இன்னா பண்ணுவாரு பாவம்? கல்யாணத்துக்குப் போன மனுசன்" என்றார் ஏழுமலை.

"எந்தக் கிழமை பெய்தது?"

"அதெல்லாம் எவன் பாத்துகினு இருந்தான்? பேஞ்சிது, அவ்ளோதான்."

எழுதிக்கொண்டேன், அவர் வார்த்தையிலேயே. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். கீழ் வரிசை ஐந்தில் வெள்ளை வேர் ஓடியிருந்தது. மேல் வரிசை நான்கும் பார்வைக்கு நன்றாக இருந்தன. "மேல கீறது நல்லா கீது மேடம். அத்த எழுதாதீங்க" என்றார். நஷ்டத்தைக் கூட்டிச் சொல்பவர்களுக்குப் பழகிப்போன என் காதுக்கு இது புதிது. ஒவ்வொரு மேல் மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் காகிதப் பைகளில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது பச்சையம்மாள் கிணற்றடி வரைக்கும் கூடவே வந்தாள். அவர் காது கேட்காத தூரம் வந்ததும் சொன்னாள்: "மூணு ஏக்கரும் பொதுவுல கீது யம்மா. எங்க மச்சாண்டாரு, இவுரு அண்ணன், பிளாட்டுக்காரனாண்ட பேசி முடிச்சிட்டாரு. இவுருதான் முடியாதுன்னு நின்னுகினு கீறாரு. ஒரு பட்டம் தரிசு வுழுந்தா வித்துக்கலாம்னு பெரியவருகிட்ட வாக்கு குடுத்துட்டாரு. இப்ப வெதையும் போச்சி. வேற வெத வாங்க கையில ஒண்ணும் இல்ல. கேட்டா மழன்றாரு."

அந்தப் பக்கம் அப்போதுதான் மனை விற்பனை சூடு பிடித்திருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எத்தனை வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஆடி பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது.

மூட்டைக்கு நூறு பருப்பு உரித்து எடுத்து, ஈரச் சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, எங்கள் வீட்டுக் குளியலறையில் வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பேன். என் கணவர் ஐந்து நாட்கள் கொல்லைக் குழாயில் குளித்தார். ஆறாம் நாள் பிரித்து எண்ணினால், நல்லா கீது என்று ஏழுமலை சொன்ன மூட்டைகளில் நூற்றுக்கு இருபதுகூட முளைக்கவில்லை. கீழேயிருந்த ஈரத்தின் சூட்டில் மேலேயிருந்ததும் வெந்து செத்திருந்தது. அந்த விதையை நம்பி விதைத்திருந்தாலும் வயல் தரிசுதான். அது எனக்குத் திக்கென்றது.

பிறகு திருக்கழுக்குன்றத்தில் தாலுகா அலுவலகத்துக்குப் போய் மழை அளந்து எழுதும் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கச் சொட்டு மழை இல்லை. அருணாசலம் கொண்டுவந்த மின்வாரிய அட்டையில், வீடு பூட்டிக் கிடந்த கணக்குக்கு யூனிட் தாறுமாறாக ஏறியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். சாரின் கோல் கடைசி வரி வரைக்கும் இறங்கியது.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா பாதிக்கப்பட்டவர் கேக்கணுமே. இவரால எனக்கு நஷ்டம், ஈடு கொடுங்கன்னு ஏழுமலை எழுத்துல கேட்டாத்தான் நம்மால கொடுக்க முடியும். கேக்காதவருக்கு எப்படிக் கொடுக்கறது?"

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தையே மறந்து, ஏழுமலை எழுதவேண்டிய கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். வக்கீல் நோட்டீஸ்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. 'தாங்கள் சிறிதும் பொறுப்பின்றி அலட்சியமாக நடந்துகொண்டதால் எனக்கு நேர்ந்த நஷ்டத்தை உடனடியாக ஈடு செய்யத் தவறினால்' என்று ஆரம்பித்தது அது. எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவர் வாசலில் அதைக் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை நின்றேன். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இன்னா மேடம் இது? சார் மேல நான் பிராது குடுக்கறதா? என் பையனுக்கு ஜுரம் வந்தப்ப வண்டில வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன மனுசன் அவுரு. அவரப் பாத்து அலட்சியம்னு நான் எழுதணுமா? எனக்கு உங்க கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். போங்க."

அப்படியே திரும்பி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். பச்சையம்மாள் அன்றைக்கு மோர் கொண்டுவரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் சட்டப்படி சரி, அந்த வாசலில் நின்று படிக்கும்போது மட்டும் அசிங்கமாக இருந்தது.

இரண்டு வாரம் ஃபைல் அசையவில்லை. அருணாசலம் நாள் விட்டு நாள் போன் செய்தார். "உழவு ஓட்டாம உக்காந்திருக்கான் மேடம். அவங்க அண்ணன் நேத்து பிளாட்டுக்காரனக் கூட்டிட்டு வந்து வயலக் காட்டிட்டுப் போயிட்டாரு" என்றார். ஆனி மாதம் பாதி கடந்திருந்தது. சாரிடம் போய், என் கடிதத்தால்தான் கெட்டது என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "ஏன் மழைன்னு சொன்னார்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துப் பொய் என்று கண்டுபிடித்தேனே தவிர, ஏன் பொய் சொன்னார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் போனேன். இந்த முறை பையைத் திறக்கவில்லை. "அந்த வாரம் மழை இல்லை ஏழுமலை. தாலுகா ஆபீஸ்ல பார்த்துட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"சார் வூட்டு சாவி மேடம். ஊருக்குப் போனா என்னாண்டதான் குடுத்துட்டுப் போவாரு. பொழுது சாஞ்சா வெளக்கேத்தணும், செடிக்குத் தண்ணி ஊத்தணும். அவுரு போன அன்னிக்கே செய்யூர்ல என் மாமியா வூட்டாண்ட தீமிதின்னு நாங்களும் கெளம்பிட்டோம். மூணு நாளு. வெளக்கும் ஏத்தல, ஒண்ணும் ஏத்தல. வந்து பாத்தா மோட்டாரு ஓடிகினு கீது. நான் வூட்ல இருந்திருந்தா மோட்டாரு ஓட்ற சத்தம் கேட்டிருக்கும். நிறுத்தியிருப்பேன். நம்பி குடுத்த சாவிய வச்சிகினு வேடிக்க பாக்கப் போனவன் நான். தப்பு யாருது? சொல்லுங்க. நான் போயி அவராண்ட காசு கேக்கறதா?"

ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு தப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.  

நான் சொன்னேன்: "ஏழுமலை, சார் இந்த பாலிசிக்கு மூணு வருஷமா பணம் கட்டறார். அதுல ஒரு பங்கு அவர் வீட்டுக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்கு ஏதாவது ஆயிட்டா கொடுக்கறதுக்கு. உங்களுக்காகக் கட்டினது. அவருக்கே அது தெரியாது. அதை வேணாம்னா அது யாருக்கும் போகாது, கம்பெனியிலேயே கிடக்கும்."

"எனக்கோசரம் கட்னாரா?"

"உங்களுக்காகத்தான்."

பச்சையம்மாள் உள்ளேயிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "தப்புன்ற வார்த்த வரக்கூடாது மேடம்" என்றார் ஏழுமலை. வராது என்றேன். அவரே எழுதினார். 'சார் வீட்டு மோட்டார் ஓடி என் விதை ஒன்பது மூட்டை நனைந்து போனது. சுவரும் விழுந்தது. எனக்கு விதை வேண்டும். ஆடிக்குள் வேண்டும்.' கீழே கையெழுத்து. இவ்வளவுதான். என் தட்டச்சுக் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன்.

சாவி விஷயத்தையும் அவர் வார்த்தையிலேயே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, ரிப்போர்ட்டில் சேர்த்தேன். எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சாவி ஏழுமலையிடம் இருந்தது என்றால் நஷ்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக் கிளெய்மை வெட்டலாம், அடியோடு மறுக்கவும் செய்யலாம். தெரிந்தேதான் எழுதினேன். கேட்டதை எழுதாமல் விட்டு அந்த மனிதர் முன்னால் என்னால் நிற்க முடிந்திருக்காது.

ஞானப்பிரகாசம் சாரின் கோல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. சாவி என்ற சொல்லில் நின்றது. பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். 

"சாவி எதுக்குக் கொடுத்தார்?"

"விளக்கேத்த, செடிக்குத் தண்ணி ஊத்த சார்."

"மோட்டாரைப் பார்த்துக்கச் சொன்னாரா?"

"சொல்லலை சார். மோட்டார் ஸ்விட்ச் போட்டபடி இருந்ததே ஏழுமலைக்குத் தெரியாது."

"ஏழுமலை வாக்குமூலத்துல அப்படி இருக்கா?"

"இருக்கு சார். மூணாவது பக்கம்."

மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் கோலை வைத்துப் படித்தார். பிறகு பழைய பக்கத்துக்கே திரும்பி ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். தூளை ஊதினார். பேனா மூடியைக் கழற்றி மையால் எழுதினார்: சாவி விளக்குக்குக் கொடுக்கப்பட்டது. மோட்டாருக்கு அல்ல. முழு நஷ்டமும் வழங்கலாம். எழுதிவிட்டு, ஏழுமலையின் நோட்டுத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார்.

"ஆடிக்குள்ளன்னு கேட்டிருக்காரே அம்மா. அது என்னைக்குப் பிறக்குது?"

தொகை அவருடைய அதிகாரத்துக்குள் இருந்ததால் மேலே எங்கேயும் போகவில்லை. ஆடி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது நானே காசோலையை எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழுமலை ரசீதில் கையெழுத்துப் போட்டார். சோழவரத்திலோ திண்டிவனத்திலோ நல்ல விதை கிடைக்கும் என்று அவரும் பச்சையம்மாளும் அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மோர் வந்தது. இரண்டு சொம்பு குடித்தேன். அருணாசலத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுந்தால் அவர் வீடு பூட்டியிருந்தது.

"சார் ஊர்ல இல்ல மேடம். தங்கச்சிய ஆடிக்கு அழைக்கணும்னு நேத்துதான் போனாங்கோ" என்றார் ஏழுமலை. இடுப்பைத் தட்டிக் காட்டினார். "சாவி என்னாண்டதான் கீது. காலைல ரெண்டு வாட்டி உள்ள போயி அந்த மோட்டாரு சுவிட்சப் பாத்துட்டு வந்தேன்."

அந்த ஆடியில் மூன்று ஏக்கரும் விதைத்தார்கள். ஐப்பசியில் அறுவடை முடிந்ததும் ஒரு கூடை பச்சைக் கடலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பதால் சார் அதைத் திருப்பி அனுப்பினார். அனுப்புவதற்கு முன் கூடையில் கைவிட்டு ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். சில வருடங்களில் மாற்றலாகிப் போனார். இப்போது இல்லை.

நானும் என் கணவரும் இப்போது செங்கல்பட்டில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன். பூட்டியதும் திரும்ப ஒருமுறை கதவைத் திறந்து குழாய், கேஸ், விளக்கு எல்லாவற்றையும் பார்ப்பேன். பிறகு அவள் கையில் சாவியை வைத்து, "விளக்குக்கு மட்டும்தான்மா" என்பேன். ஒவ்வொரு முறையும் இதை ஏன் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிவதில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள்.